மூணாம் செட்டுக் கோழிகள்

மதியம் சேந்தமங்கலம் பேருந்தில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவருக்குக் கோழிப்பண்ணை போலிருக்கிறது.

"வெயில்ல செத்த கோழியெல்லாம் காலையில திரும்பி வந்துருச்சு, கண்ணு."

என் தூக்கம் போயிற்று.

"ஏனுங்கக்கா, என்ன சொல்றீங்க?"

"கம்ப்யூட்டர்லதான். நேத்து பட்டுனு கரண்டு போயி கோழிக்கணக்கு கெட்டுப்போச்சு. இன்னிக்குத் தொறந்தா அதுவே சரிபண்ணிக்கிச்சு. அத்தனையும் செத்துப்போச்சுன்னு நான் அழிச்ச மூணாம் செட்டுக் கொட்டாய்க் கணக்கையும் சேத்துக் கொண்டாந்துருச்சு."

"மறுபடி அழிச்சுட்டீங்களா?"

"அதுக்குள்ள தீவன வண்டிக்காரரு வந்து, மூணாம் செட்டுக்கும் எறக்கட்டுங்களானு கேட்டாரு."

"ஐயோ! என்ன சொன்னீங்க?"

பண்ணைக்காரர் ஜன்னல் வழியே கொல்லிமலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க, பாத்துட்டு வாரேன்னு செட்டு வரைக்கும் போயிட்டேன், கண்ணு."