நோட்டில் எழுதிய ரெண்டு

காலையில் மீமிசலில் இருந்து கோட்டைப்பட்டினம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இறால் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. மூத்தவர் திடீரென்று சொன்னார்:

“ஒரு வருசமா நான் தெர்மாமீட்டரையே பாக்கலடி.”

“என்னக்கா சொல்றீங்க? குளிர் ரூமுக்கு நீங்கதான தெனமும் பாத்து நோட்டுல எழுதுறீங்க?”

“எழுதுனேன். அந்தப் பாதரசக் கோடு என் கண்ணுக்குத் தெரியல. சொன்னா வேலைய விட்டு நிறுத்திருவாங்கன்னு பயந்து, எப்பவும் போல ரெண்டு டிகிரின்னே எழுதிக்கிட்டு வந்தேன்.”

இளையவர் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“நேத்து அதக் கழட்டிட்டு டிஜிட்டல் மாட்டுனாங்கள்ல? நம்பர் பெருசு பெருசா தெரிஞ்சுச்சு. ஏழுன்னு காட்டுச்சு.”

“ஐயையோ! அப்பறம்?”

“ஏழுன்னே எழுதிட்டேன். புது மிஷின்தான் தப்புன்னாரு சூப்பர்வைசர். மெக்கானிக் வந்து பாத்தா, கதவு ரப்பர் கிழிஞ்சு கெடக்கு. எத்தன நாளா அப்பிடிக் கெடந்துச்சோ, எறா எப்பிடிப் போச்சோ.”

“அதான் சரி பண்ணிட்டாங்கள்ல. இனிமே யாரு கேக்கப் போறா? விட்டுருங்கக்கா.”

“நோட்டுல என் கையெழுத்துடி. இன்னைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிரப் போறேன். நீ கூட வாரியா?”

பஸ் நின்றது. இளையவர் மூத்தவருடைய சாப்பாட்டுப் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

“வாரேன். பாத்து எறங்குங்க.”