ஆறாங்கிளாஸ் பாடு

...தண்ணியா சார் அது? வாயில வெச்சா கரிக்கும். வோணாம், அந்தக் கொழாய மூடுங்க. தோ, என் பாட்டில்ல குடிங்க. முப்பது வருசமா ஸ்கூலு நடத்தறாங்க, ஒரு நல்ல தண்ணிக்கு வக்கு இல்ல. இதுக்கு எங்க ஏரித் தண்ணியே தேவலாம்.

இன்னா, பொண்ணா பையனா? பையனா! ஐயையோ... பையன்னா இங்க ரொம்பக் கஷ்டம் சார். கழுத்துல தொங்கற கார்டப் பாத்தா காட்டுப்பள்ளி போர்ட்டு வேலன்னு தெரியுது. பழவேற்காட்டுக்குப் புதுசு. அதான் ஒங்களுக்கு யாரும் சொல்லல. நான் சொல்றேன்.

ஆறாங்கிளாஸ் வெயிட்டிங் லிஸ்ட்டுல நீங்க ஒண்ணு. என் பொண்ணு ரெண்டு... தோ, மரத்தடில ஒக்காந்துகினு கீறாளே, கீதா, அவ தான். மீதி கீறது ஒரே சீட்டு. மூணு தபா பேரு கூப்டுவாங்க, ஒங்க கைல கீற டோக்கன எட்த்துகினு உள்ள போவணும். நீங்க போவலன்னா கீதாவுக்கு வந்துடும். அத்த மனசுல வெச்சிகினு பேசறேன்னு நெனச்சிடாதீங்க! சேச்சே! செவ்வந்தி அப்டிப்பட்டவ இல்ல. எறா விக்கறவ தான், ஆனா நேத்து எறாவ இன்னிக்கு எறான்னு வித்தது கெடையாது... வித்துக்கீறேன், ஒரே ஒரு தபா, அது கல்யாண ஆர்டரு, அத்த வுடுங்க.

மழ புடிச்சா பாக்கணும் நீங்க. ஏரி நேரா கிளாஸுக்குள்ள வந்து அட்டெண்டன்ஸ் குடுக்கும். பசங்க பெஞ்சி மேல காலத் தூக்கி வெச்சிகினு கணக்கு போடும். நாங்க படிக்கறப்போ பெஞ்சியே கெடையாது. நனஞ்சிகினே போட்டோம்.

ஆமா சார், நானும் இங்க தான். ஆரம்பிச்சப்போ மொத்தம் பதினோரு பேரு, அதுல நான் ஒருத்தி. இந்த மாடி, லேபு, வேனு, ப்ளஸ் டூ... எல்லாம் அப்பால வந்த பவுசு. அப்போ இது எங்க நைனா வலை வெக்கிற கொட்டாய். ஜேம்ஸ் ஃபாதரும் ஸ்டெல்லா சிஸ்டரும் படகுல வந்து எறங்கி, ஸ்கூலு வெக்க எடம் கேட்டாங்க. எங்க குப்பத்துல ஒரு கிறிஸ்டின் ஊடு கூட கெடையாது. நைனா சொன்னாரு, "சாமி ஒங்களுது, கொட்டாய் என்னுது. ரெண்டும் சண்ட போடாம இருந்தா இருக்கட்டும்." பகல்ல பாடம், சாய்ங்காலம் வலை. கரும்பலகை இன்னா தெரியுமா? ஒடஞ்ச படகுப் பலகை. தார் பூசினது!

அதுவும் ஒழுங்கா பொறந்த ஸ்கூலா? அங்கீகாரம் குடுக்க ஆபீசர் வராரு, முப்பது பசங்க வோணும். எங்கேந்து வரும்? சிஸ்டருக்குத் தெரியாம ஊரே சேந்து ஆள் புடிச்சிது. எங்கண்ணன் வேலுவக் கொண்டாந்து ஒண்ணாங்கிளாஸ்ல ஒக்கார வெச்சிட்டாங்க. அவுனுக்கு மீச மொளச்சிருந்திச்சி சார்! "வயசு இன்னா?"ன்னு ஆபீசர் கேட்டா, "ஆறு"ன்னான். கட்டக் கொரல்ல! மனுசன் சிரிச்சிகினே கையெழுத்து போட்டுட்டாரு. மறுநாள் சிஸ்டர் வுட்டாங்களா? "பேரு எழுதியாச்சு, வந்தே ஆகணும்"னு மீசையோட ரெண்டு வருசம் ஒக்கார வெச்சாங்க. இப்டிப்பட்ட பிடிவாதம் புடிச்ச ஸ்கூலு வோணுமா ஒங்க பையனுக்கு?

அடிப்பாங்களான்னா கேக்கறீங்க? அடிச்சா கூட தேவலயே! லீவு போட்டா ஊட்டுக்கு வந்துடுவாங்க சார். அது தான் பேஜாரு. நான் எட்டாவது படிக்கறப்போ எங்கம்மா நிறுத்திட்டா. எறா உரிக்கப் போயிட்டேன். மூணாம் நாளு ஸ்டெல்லா சிஸ்டர் வந்து நின்னாங்க. எங்கம்மா கூடைய காட்டி, "இத்த யாரு உரிப்பா?"ன்னா. சிஸ்டரு அந்த வெள்ள உடுப்போட என் பக்கத்துல குந்திகினு உரிக்க ஆரம்பிச்சிட்டாங்க. கைய முள்ளு கிழிச்சி ரத்தம் வருது, நிறுத்தல. கூடை காலியாச்சி. "இப்ப வரலாமா?"ன்னு என் கையப் புடிச்சிகினு நடந்தாங்க. ரெண்டு பேரு கையும் ஒரே நாத்தம். பத்தாவது பாஸ் பண்ண மொத பொண்ணு எங்க குப்பத்துல நான் தான்...

இல்ல சார், கண்ணுல தூசு. எதுக்கு சொல்ல வந்தேன்? ஹாங், மானத்த வாங்கற ஸ்கூலு!

இந்தக் குலுக்கல் கூத்து வேற. முன்னல்லாம் எங்க ஊரு பசங்களுக்குத் தான் மொத சீட்டு. இப்போ பொன்னேரிலேந்து வேன் வேனா வராங்க, நாப்பது சீட்டுக்கு நூத்தம்பது பேரு. கெடுத்தது யாரு? பெத்தவங்க கூட்டத்துல ஒருத்தி மைக்கப் புடிச்சிகினா. "ஏரியில எவன் எங்க வலை போடணும்னு சீட்டு போட்டுத் தான் பாடு பிரிக்கறோம். அதுல பெரியாளு சின்னாளு கெடையாது. தன் பாடு வரும்போது ஆளு இல்லன்னா அது அடுத்தவனுக்கு. ஸ்கூலும் அப்டி நடத்துங்க"ன்னா. எல்லாரும் ஒரே கை தட்டு...

இன்னா சார் அப்டி பாக்கறீங்க? நான் தான். எதிர் ஊட்டுல கீற வளர்மதி, சிஸ்டருக்கு வஞ்சிரம் குடுத்து சீட்டு வாங்கிடுவாளோன்னு ஒரு பயம். இப்போ அவ பையனுக்கு மொத குலுக்கல்லயே வுழுந்துடுச்சி. எனக்கு வெயிட்டிங் லிஸ்ட்டு!

இன்னா எழுந்துட்டீங்க? டோக்கன் எனக்கா... நீங்களே வெச்சிக்கங்கன்றீங்களா? ஐய, நான் அதுக்கா சொன்னேன்... சரி, குடுங்க. நல்ல மனசு சார் ஒங்களுக்கு. தோ, பேரு கூப்டறாங்க. ஒரு தபா ஆச்சி. நீங்க கெளம்புங்க, வெயிலு ஏறுது.

போன்ல ஊட்லயா? பேசுங்க, பேசுங்க... இன்னாது? "கலீஜு ஸ்கூலு, படிப்பே இல்ல"ன்னா சொன்னீங்க? சார், தண்ணி உப்புன்னு தான சொன்னேன். படிப்பு இல்லன்னு எப்போ சொன்னேன்?

ரெண்டாவது தபா கூப்டாச்சி. செவ்வந்தி, வாய மூடிகினு நில்லு. இன்னும் ஒரே தபா தான். போறவரு போவட்டும். வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சி. அவ்ளோ தான்...

யோவ்! சார்! நிறுத்துய்யா வண்டிய! சிஸ்டர், இருங்க, மூணாவது தபா கூப்டாதீங்க! ஆளு தோ கீறாரு!

எறங்கு சார். படிப்பு இல்லாத ஸ்கூலா இது? நான் சொன்னா நம்பிடுவியா? எங்க கொட்டாய்ல பொறந்தது, நாங்க திட்டுவோம். நீ யாரு திட்டறதுக்கு? மொதல்ல ஊட்டுக்குப் போனப் போட்டு நல்ல ஸ்கூலுன்னு சொல்லு. இந்தா, புடி ஒன் டோக்கன. ஓடு!

...போயிட்டாரு.

இன்னாடி கீதா, அப்டி பாக்கற? ஆமா, உள்ள போறது ஒன் சீட்டு தான். ஒங்கம்மா தான் கூப்டு குடுத்தா. அழாதடி... நீ அழுதீன்னா நான் அவுர மறுபடியும் வெளிய கூப்டு வேற ஏதாச்சும் சொல்லிடுவேன்.