மலாயாவிலிருந்து வந்த கவர்

— கதவைச் சாத்தாதீங்க ரெங்கராஜ் சார். ஆறு போர்ஷன்காரங்களும் எட்டிப் பார்த்தாலும் பரவாயில்ல. இந்த வாரப் பத்திரிகையில வந்திருக்கிற இந்தக் கதை உங்களோடதுதானே?

— என்னோடதுதான் ரோசரியம்மா. உட்காருங்க.

— உட்கார வரல. போன வருஷம் குழாயடியில நானும் பொன்னுத்தாயும் குடத்தால இடிச்சுக்கிட்டதை எழுதினீங்க. வீடே சிரிச்சுது, நானும் சேர்ந்து சிரிச்சேன். என் சின்னவன் பல்பம் தின்னதை எழுதினீங்க. போனாப் போகுதுன்னு விட்டேன். இது அப்படி இல்லீங்க.

— அதாவது, நான் யாரையும் நோகடிக்கணும்னு எழுதறதில்லம்மா. ஸ்ரீரங்கத்துல எங்க அண்ணன் வீட்டுல பத்து வருஷம் இருந்தேன். அவ்வளவு பெரிய வீடு, தனி ரூம், மேஜை நாற்காலி எல்லாம் இருந்துது. ஒரு வரி ஓடல. இந்தப் பாலக்கரைக்கு வந்து, பத்துக்குப் பத்து ரூம்ல, இந்தப் பலகைத் தடுப்பு ஓரமா உட்கார்ந்தப்புறம்தான் பேனாவே நகருது. ஒரு பக்கம் குழம்பு கொதிக்கும், ஒரு பக்கம் பிள்ளை அழும், எனக்குக் கதை கிடைச்சிடும். பேரை மட்டும் மாத்திடுவேன்.

— பேரை மாத்தினீங்க. மலாயாவை மாத்தலியே. புருஷனுக்கு மலாயா எஸ்டேட்ல இருந்து வேலைக்கு ஆர்டர் வருது. பொண்டாட்டி அதை அடுப்புல போடறா. போடறதுக்கு முன்னால கவர்ல இருந்த ஸ்டாம்பை மட்டும் கத்தரிச்சு ஜெபப் புஸ்தகத்துக்குள்ள வெச்சுக்கறா. எழுதியிருக்கீங்களா இல்லியா?

— எழுதியிருக்கேன்.

— அந்தப் பொண்டாட்டி நான்தான் சார்.

— என்னம்மா சொல்றீங்க?

— ஏழு வருஷம் ஆச்சு. அப்ப மூத்தவன் வயித்துல. எங்கப்பா பர்மாவுக்குப் போயிட்டு வரேன்னு போனவரு, திரும்பி வரவே இல்ல. கப்பல்னு யாராவது பேச்செடுத்தாலே நான் எழுந்து போயிடுவேன். எங்க வீட்டுக்காரங்க வேலைக்குப் போயிருந்தப்ப தபால்காரர் கொண்டாந்து என் கையில கொடுத்தாரு. அடுப்புல போட்டுட்டேன். அதுக்கப்புறம் ஒரு வருஷம், தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா சாப்பாட்டுல இருந்து எழுந்து வாசலுக்குப் போவாங்க. நமக்கு ஒண்ணும் இல்லியாம் ரோசரின்னு சொல்லிட்டு வந்து உட்காருவாங்க. எனக்குச் சோறு இறங்காது. இன்னைக்கும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இரும்போட மல்லுக்கட்டறாங்கன்னா அது என்னாலதான்.

— சத்தியமாச் சொல்றேன், இது உங்க கதைன்னு எனக்குத் தெரியாதும்மா.

— அவங்க கண்ணுல படக்கூடாதுன்னு முக்குக் கடையில இருந்த நாலு புஸ்தகத்தையும் நானே வாங்கிட்டு வந்து அரிசிப் பானைக்குள்ள வெச்சிருக்கேன். சந்தைக்குக் கொடுத்த காசு. அவங்களுக்குத் தெரிஞ்சா நான் எந்த முகத்தோட எதிர்ல நிப்பேன்?

— கொஞ்சம் தண்ணி குடிங்க.

— வேண்டாம். இந்த விஷயம் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. ஒண்ணு நான். இன்னொருத்தர் நம்ம பங்குச் சாமியார். பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் செஞ்ச பாவத்தை அவர் காதுல சொல்ற பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். ஏழு வருஷத்துல அன்னைக்குத்தான் வாய் வந்துது. உன் புருஷன்கிட்டயும் சொல்லிடும்மான்னாரு. தைரியம் வரல. பதினைஞ்சு நாள்ல அச்சுல வந்து நிக்குது. நீங்களோ சாயங்காலம் ஆனா அவர் பங்களாவுக்கு செஸ் ஆடப் போறீங்க. நான் வேற என்ன நினைக்கறது?

— பாருங்க, அவரைப் போயா நினைச்சீங்க?

— நினைச்சதோட விடல சார். பிஷப் ஆண்டகைக்குக் காகிதம் எழுதிப் போட்டுட்டேன். சங்கீர்த்தன ரகசியத்தைக் கதை எழுதறவர்கிட்ட சொல்லிட்டாருன்னு. இன்னைக்குக் காலையில சாமியாரை விசாரணைக்குக் கூப்பிட்டு விட்டிருக்காங்க. கோயில் உபதேசியார் வந்து சொன்னாரு.

— ரோசரியம்மா, நிதானமாக் கேளுங்க. அந்தக் கதையை நான் பொங்கலுக்கு முந்தியே தபால்ல சேர்த்துட்டேன். இதோ, கிடைச்சுது, போடறோம்னு பத்திரிகை ஆபீஸ்ல இருந்து வந்த கார்டு. தேதியைப் படிங்க.

— ஜனவரி இருபத்திரெண்டு.

— நீங்க சாமியார்கிட்ட சொன்னது?

— மார்ச் கடைசி. மாதாவே, அப்ப அவர் சொல்லல. நான் சொல்றதுக்கு ரெண்டு மாசம் முந்தியே நீங்க எழுதிட்டீங்க.

— அதான் சொல்றேன். அவர் என்கிட்ட சிப்பாய் குதிரை தவிர வேற எதையும் பேசினதில்ல.

— ஒரு பாவமும் அறியாத மனுஷன் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டேனே. உங்களுக்குத் தெரியாது சார். அவரால நான் சொல்லலைன்னு வாயைத் திறக்கக்கூட முடியாது. சங்கீர்த்தனத்துல காதுல விழுந்ததைப் பத்தி ஆமான்னும் சொல்லக்கூடாது, இல்லைன்னும் சொல்லக்கூடாது. என்ன கேட்டாலும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பாரு. அவர் குருப்பட்டத்துக்கே வினை வெச்சுட்டேன்.

— கிளம்புங்க. நானும் வரேன். இந்தக் கார்டை ஆண்டகைகிட்ட காட்டி, நடந்ததைச் சொல்லிடுவோம். இப்பவே போனா பேச்சு பெரிசாகறதுக்குள்ள நிறுத்திடலாம்.

— முழந்தாள் போட்டு மன்னிப்புக் கேக்கறேன். போகலாம். இருங்க. செருப்பை மாட்டாதீங்க.

— என்னம்மா?

— சாமியார் சொல்லல. நானும் சொல்லல. ஸ்டாம்பு விஷயம் வரைக்கும் உங்களுக்கு யார் சொன்னது?

— அதாவது, முதல்ல போயிட்டு வந்துடலாமே.

— யார் சார் சொன்னது?

— கார்த்திகை மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை. அடைமழை. மாடிப்படியில நானும் உங்க வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். ரெண்டு வாரமா எனக்கு ஒண்ணும் எழுத ஓடல. உங்க ஒர்க்‌ஷாப்ல கதை கிதை கிடைக்காதா தைரியராஜ்னு விளையாட்டாத்தான் கேட்டேன். என்கூட வேலை செய்யற ஃபிட்டர் ஒருத்தன் கதை இருக்கு சார்னாரு. அந்த ஃபிட்டர் யாருன்னு நீங்க சொன்னப்புறம்தான் எனக்கே விளங்குது.

— அவங்களா? அவங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுல நான் ஒருத்திதானே இருந்தேன்.

— அன்னைக்கு அந்த ஃபிட்டருக்குக் காய்ச்சலாம். பாதி வேலையில வீட்டுக்கு வந்தானாம். அடுப்பங்கரை வாசல்ல நின்னு, பொண்டாட்டி கத்தரியும் கவருமா உட்கார்ந்திருந்ததுல இருந்து தீ அணைஞ்ச வரைக்கும் பார்த்தானாம். சத்தம் காட்டாம திரும்பிப் போய், வேலை விடற சங்கு ஊதற வரைக்கும் காய்ச்சலோட மாதா கோயில் படியில உட்கார்ந்திருந்தானாம்.

— இது கதையில இல்லியே சார். நான் நாலு தடவை படிச்சேனே.

— இல்லம்மா. அதை வெச்சுத்தான் நான் கதையை முடிக்கறதா இருந்தேன். தைரியராஜ் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. எல்லாத்தையும் எழுதுங்க, அவன் பார்த்துட்டாங்கிறதை மட்டும் எழுதிடாதீங்க, அந்தப் பொண்ணு படிச்சா தாங்க மாட்டாள்னு சொன்னாரு.