பெயர்ப்பலகை இல்லாத அறையின் ஆலோசகர்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, மருத்துவர் அவர்களே, வேலைச் சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் உறவுகளே, விசா கிடைக்காமல் போனிலேயே கேட்டுக்கொண்டிருக்கும் அக்காவின் தம்பி அவர்களே, வணக்கம்.

நம் குடியேற்ற உதவி மையத்தில் பதினோரு வருடம் மனநல ஆலோசகராக இருந்த அக்கா போய்விட்டார். நான் அங்கே முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரை எழுதுபவன். அறை வாசலில் ‘மனநலம்’ என்று பலகை மாட்டச் சொன்னது மேலிடம். மாட்டினாரா? இல்லை! “அதப் பார்த்தா நம்ம ஆளுங்க இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டாங்கப்பா” என்றார்.

என் மரமண்டைக்கு அது ஏறவில்லை. ஓயாத தலைவலி என்று வந்த புதுப்பெண் ஒருவருக்கு, ‘மனநலப் பிரிவு’ என்று முத்திரை குத்திய உறையில் கடிதம் அனுப்பினேன். உறையை முதலில் பார்த்தவர் மாமியார். “எங்க வீட்டுல யாருக்கும் பைத்தியம் இல்ல” என்று மையத்துக்குப் போன் பண்ணிக் கத்திவிட்டு வைத்துவிட்டார். பெண் வருவது நின்றது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை! சனிக்கிழமை, அந்தப் பெண் துணி துவைக்க வரும், காசு போட்டால் மெஷின் ஓடும் சலவைக்கடைக்கு அக்காவும் தன் அழுக்குமூட்டையோடு போய் உட்கார்ந்தார். சோகமா, கவலையா என்றெல்லாம் கேட்கவில்லை.

“காலையில எழுந்ததும் யார்கூடப் பேசுவே?”

“யார் இருக்கா அக்கா? எல்லாரும் வேலைக்குப் போயிடுவாங்க. குழாயத் திறந்து விட்டுக்குவேன். ஏதோ சத்தமாவது கேக்குமே.”

எட்டு மாதம், சனிக்கிழமை தவறாமல், அந்த மெஷின்களுக்கு நடுவே பேசிப் பேசி அந்தப் பெண்ணை மீட்டார். இதை இங்கே சொல்லச் சொன்னதும் அந்தப் பெண்தான். மூன்றாவது வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

அப்படி எல்லாரையும் கேட்டவரை நம்மில் யார் கேட்டோம்? போன வெள்ளிக்கிழமை அவர் முகம் வெளுத்திருந்தது. “உடம்பு சரியில்லையாக்கா?” என்றேன். “ஒண்ணுமில்லப்பா, நீ பஸ்ஸப் பிடி.” பிடித்தேன்! ஒரு நாளைக்கு நாலு பேராவது என் மேசை முன்னால் நின்று ‘ஒண்ணுமில்ல’ என்பார்கள். ஒருவரையும் நான் நம்பியதில்லை, அக்காவை நம்பினேன். திங்கட்கிழமை, அவர் தனியாக இருந்த வீட்டின் கதவை உடைத்துப் பார்த்தபோது, மாரடைப்பில் அவர் போய் இரண்டு நாளாகியிருந்தது. பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியவில்லை.

அக்காவின் வேலை நிற்காது. புது ஆலோசகர் வரும்வரை மருத்துவர் அந்த அறையில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். இனி எந்த உறையிலும் அந்த முத்திரை விழாது. இது என் வாக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானும் இந்த ஊரில் தனியாள்தான். அந்தத் திங்கட்கிழமையிலிருந்து தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது. இத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது. டாக்டர் ஐயா, நாளைக்கு வருபவர்களில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.