அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

எந்தத் தோட்டா வாங்கலாம் என்று கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, சாப்பிட்டாயிற்றா என்பதைத்தான். பசியோடு இருப்பவருக்கு எப்போதும் பெரிய தோட்டாதான் பிடிக்கும். வயிறு நிறைந்தவர் நிதானமாகக் காது கொடுப்பார். அதற்காகவே என் துப்பாக்கிக் கடையின் கல்லா மேசையில் நானே சுட்ட சீஸ் ஸ்கோன்கள் ஒரு தட்டு நிறைய இருக்கும். நீங்களும் சாப்பிட்டிருக்கிறீர்கள், சார்ஜென்ட் நைரி. உங்கள் முதல் துப்பாக்கிக்கு நான்தான் தோட்டா தேர்ந்து கொடுத்தேன். அந்த வருடம் நீங்கள் வீழ்த்திய மானின் தொத்திறைச்சியில் எனக்கும் பங்கு வந்தது. மிளகு கொஞ்சம் தூக்கல், ஆனால் அருமை.

கிரேபர்னில் இருபத்தாறு வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அறுநூறு மீட்டர் தள்ளி, பாறை விளிம்பில் நிற்கும் வரையாட்டை ஒரே குண்டில் சாய்க்க வேண்டும் என்பார்கள். எல்லோரும் வேகத்தைத்தான் கேட்பார்கள். வேகம் புறப்படும்போது இருக்கும். பாதி வழியில் காற்று அதைத் தின்றுவிடும். குண்டு ஒல்லியாக, நீளமாக இருந்தால் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். அதைவிட முக்கியம், தோளை உதைக்கக் கூடாது. உதைக்குப் பயந்தவன் விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடிவிடுவான். மூடியதை அவனே ஒத்துக்கொள்ள மாட்டான். ஆகவே என் பதில் எப்போதும் ஆறரை மில்லிமீட்டர்தான். விலங்குக்கு வலி தெரியக் கூடாது என்பதுதான் எனக்கு வேட்டையில் முதல் விதி.

மர்டோ ஃபென்விக் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நகரத்தில் வீடு விற்கும் தரகனாக இருந்தவன். பேச்சிலேயே ஒரு வீட்டுக்கு இன்னொரு மாடி கட்டிவிடுவான். அவனைப் பிடிக்காதவர்கள் ஊரில் இல்லை, எனக்கும் பிடிக்கும். அவன் வைத்திருந்தது முன்னூறு மேக்னம், ஆறரையைவிடப் பெரிய தோட்டா. வெடித்தால் பக்கத்தில் படுத்திருப்பவரின் தொப்பி நகரும்.

ஒரு வெள்ளிக்கிழமை வேட்டைச் சங்கக் கூடத்தில் செம்மறிப் பண்ணைக்காரர் கெரின் என்னிடம்தான் கேட்டார், புதுத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் மர்டோ முந்திக்கொண்டான்.

"பெருசுகிட்டயா கேக்குறீங்க? அவரு ஆறரைன்னுதான் சொல்வாரு. எலி தொல்லை இருந்தா வாங்குங்க, கெரின். நல்லா கேக்கும்."

கூடமே சிரித்தது. நான்தான் முதலில் சிரித்தேன், கேட்டுப் பாருங்கள்.

"சரி பெருசு, எலி எவ்வளவு தூரத்துல நிக்கணும்?" என்று என் தோளில் தட்டினான்.

"நீ நிக்கிற தூரமே போதும்ப்பா," என்றேன். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மாலைப்பொழுது அது.

அடுத்த வாரம் கெரின் மேக்னம் வாங்கினார். பிறகு பால்பண்ணை சகோதரர்கள் வாங்கினார்கள். கடைக்கு வருகிறவர்கள் ஸ்கோனை எடுத்துக் கடித்துக்கொண்டே, "மர்டோ என்ன சொல்றார்னா..." என்று ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. நான் பொறாமைக்காரன் அல்ல. கவலை விலங்குகளைப் பற்றித்தான்.

மே மாதம் நாங்கள் இருவரும் ஆற்றின் தலைப்பக்கம் வரையாட்டு வேட்டைக்குப் போனோம். அழைத்தது நான்தான். குடிசையில் தங்கினோம். வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். குரல் மோசம், ஆனால் சந்தோஷமாக இருந்தது. முதல் நாள் பிற்பகல் எதிர்ச் சரிவில் ஒரு பெரிய கிடா தெரிந்தது, பிடரி மயிர் காற்றில் புரள. எழுநூறு மீட்டருக்கு மேல். வடமேற்குக் காற்று பலமாக இருந்தது. வேண்டாம் என்றேன்.

"மேக்னம்கிட்ட காத்து என்ன பண்ணும் பெருசு?" என்று சொல்லிச் சுட்டான்.

குண்டு பின்தொடையில் பட்டது. சுடும்போது அவன் கண்ணை மூடினான். பக்கத்தில் படுத்திருந்து பார்த்தேன். இன்னும் இரண்டு முறை சுட்டான், பாறைத்தூள்தான் பறந்தது. கிடா முன்கால்களால் இழுத்துக்கொண்டே இடுக்கில் மறைந்தது.

"விடுங்க பெருசு. செத்ததைக் கொத்துற மலைக்கிளிங்களுக்கு இன்னிக்கு விருந்து," என்றான்.

நான் இறங்கி ஏறி, மூன்று மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்து வலியை முடித்துவைத்தேன். திரும்பி வந்தபோது மர்டோ கொண்டுவந்திருந்த ஆட்டுக்கறியில் குழம்பு வைத்து, பெரிய துண்டுகளை எனக்கென்று ஒதுக்கி மூடி வைத்திருந்தான். என் ஈரக் காலுறைகளை வாங்கி அடுப்பருகே காயப் போட்டான். நல்ல மனிதன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை ஓடைக்கு அந்தப் பக்கமுள்ள பாறைமுனையில் அவன் போய் உட்கார வேண்டும், நான் இந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பிரித்துக்கொண்டோம். அவன் உட்கார்ந்த இடத்தைத் தூரமானியில் பார்த்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். இடமிருந்து மெல்லிய காற்று. மற்ற வேட்டைக்காரர் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சு மேலுடுப்பை அவன் போட்டிருந்தான். காத்திருந்தேன். பத்து மணிக்கு வெயில் அந்த முனையில் ஏறும் என்று எனக்குத் தெரியும். ஏறியது. உடுப்பைக் கழற்றி மடித்து, தலையணை போல வைத்துக்கொண்டான். உள்ளே பழுப்புச் சட்டை.

அப்போது ஒரு மலைக்கிளி வந்து அவனுடைய காலணிக் கயிற்றைப் பிடித்து இழுத்தது. அவன் ஒரு பிஸ்கட்டை நீட்டினான். கிளி பிஸ்கட்டை விட்டுவிட்டு மறுபடியும் கயிற்றையே இழுத்தது. சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை; தொலைநோக்கியில் அவன் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கும் வரை பொறுத்தேன், இருவருக்கும். பிறகு மூச்சைப் பாதி விட்டு, விசையை அழுத்தினேன்.

ஆறரை உதைக்காது. அதனால் கடைசி வரை பார்க்க முடிந்தது. ஒரே குண்டு. அவன் ஒன்றும் உணர்ந்திருக்க மாட்டான். அந்தக் கிடாவுக்கு அவன் தராததை நான் அவனுக்குத் தந்தேன்.

பிறகு நடந்து போய், காலியான தோட்டா உறையை அந்தப் பக்கத்துப் புதரோரம், அவனிடமிருந்து எண்பது மீட்டரில் போட்டேன். அங்கிருந்துதான் சுட்டேன், பழுப்புச் சட்டையைப் பார்த்து வரையாடு என்று நினைத்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். டீ போட்டுக் கொடுத்தீர்கள். நீதிபதி கவனக்குறைவு என்றார். உரிமத்தை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பூங்காவில் புல் வெட்டச் சொன்னார். புல்லை ஒழுங்காகவே வெட்டினேன். கடையில் இப்போது தூண்டில் விற்கிறேன். ஊர் என்னைக் கைவிடவில்லை. வாசலில் இறைச்சி ரோலும் ஆப்பிள் கேக்கும் வைத்துவிட்டுப் போனார்கள். மர்டோவின் மனைவி ரொவீனா என்னைக் கட்டிக்கொண்டு, "உங்களுக்கும்தானே இது துக்கம்," என்றாள். ஆமாம் என்றேன். பொய்யில்லை. அவன் இல்லாமல் சங்கக் கூடம் சப்பென்று இருக்கிறது.

அப்படியே இருந்திருப்பேன், சார்ஜென்ட். போன சனிக்கிழமை சங்கத்தின் வருடாந்திர விருந்து. நெடுந்தூரம் குறி சுடும் போட்டிக்கு ஒரு புதுக் கோப்பை செய்திருந்தார்கள். மர்டோ ஃபென்விக் நினைவுக் கோப்பை. அதை என் கையால் கொடுக்க வேண்டும் என்று ரொவீனா கேட்டாள். கொடுத்தேன். ஜெயித்தவர் கெரின், மேக்னத்தில். கை தட்டினேன். பிறகு அவர் என்னைத் தனியாக அழைத்துப்போய், கண் கலங்கி, அன்போடு சொன்னார்.

"மனசைப் போட்டு வருத்திக்காதீங்க, லிண்ட்சே. எண்பது மீட்டர்ல யாரு சுட்டாலும் படும். எந்தத் தோட்டாவா இருந்தாலும் படும். உங்க மேல தப்பே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று காலை சவரம் செய்துகொண்டு நேராக இங்கே வந்தேன். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் உண்மை. நான் படுத்திருந்த பாறைத்திட்டில் மூன்று கற்களை அடுக்கி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பி அளந்து பாருங்கள். ஓரிரு மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் தவறாது.

வக்கீல் வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்குப் பெருமை ஒன்றும் தேவையில்லை. கோப்பையில் என் பெயரைக்கூடப் பொறிக்க வேண்டாம். மர்டோவின் பெயருக்குக் கீழே தூரத்தையும் தோட்டாவையும் மட்டும் சின்ன எழுத்தில் போட்டால் போதும். கெரின் படித்துப் பார்க்கட்டும்.