லவினா போட்ட பத்து வரி

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, பகல் 12 மணி 40 நிமிடம். நான் கொண்டுவந்த தாள் மூன்று. அதில் உள்ள வரி தொண்ணூறு. அதில் பத்து வரிக்காகத்தான் கோலார் தங்க வயல் (கே.ஜி.எஃப்.) ராபர்ட்சன்பேட்டை காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறேன்.

என் பெயர் ஜெயகரன், தகப்பனார் பெயர் சிவலிங்கம், வயது 25, வீடு சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைனில். பி.இ. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பெங்களூரில் உள்ள ஒரு சின்ன கம்பெனிக்காக வீட்டிலிருந்தே மொபைல் ஆப் எழுதுகிறேன். கன்னடம் பேசுவேன், எழுத வேகமாக வராது. அதனால் எஸ்.ஐ. அவர்களிடம் கேட்டுக்கொண்டு தமிழில் என் கையாலேயே எழுதுகிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாக வந்தேன்.

பெங்களூரில் ஒரு கல்லூரிக்காக ‘கூடவே’ என்ற ஆப்பை எழுதியது நான். மாணவர்கள் தினமும் காலை ஆறிலிருந்து ஏழுக்குள் ஐந்து கேள்விக்குப் பதில் போட வேண்டும். தூங்கினாயா, சாப்பிட்டாயா, மனசு எப்படி இருக்கிறது, நேற்று போதைக்காக ஏதாவது எடுத்தாயா, எடுத்திருந்தால் எத்தனை. பதில் மோசமாக இருந்தால் கல்லூரி கவுன்சிலர் எலைன் மேடத்தின் போனுக்கு எச்சரிக்கை போகும், அவர் அன்றைக்கே அந்த மாணவரைக் கூப்பிட்டுப் பேசுவார். விடாமல் பதில் போட்டால் ஐந்து இன்டர்னல் மார்க் என்று கல்லூரி வைத்தது. மார்க்குக்காகப் போடுகிற பதில் பொய்யாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். எண்ணிக்கை ஏறுகிறதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கல்லூரிக்கு கே.ஜி.எஃப்.பிலிருந்து காலை ரயிலில் போகிற ஒன்பது பேர் ஒரே செட். நானும் நாலு வருஷம் அந்த ரயிலில் போனவன். இடம் பிடிக்க ஒருத்தர், இட்லி வாங்க ஒருத்தர் என்று செட்டுக்குள் வேலை பிரித்திருக்கும், மற்றவர்கள் பங்காரப்பேட்டை வருவதற்குள் தூங்கிவிடுவார்கள். ஆப் வந்த பிறகு அதைப் போடவும் ஒருத்தர் வேண்டியிருந்தது. செட்டில் ஒருத்தியான லவினாவின் போனுக்குத்தான் சிக்னல் நிற்கும் என்பதால் எட்டு பேரும் தங்கள் போனை அவள் மடியில் போட்டுவிட்டுத் தூங்குவார்கள், அவள் தன் ஹாட்ஸ்பாட்டில் எல்லாவற்றையும் இணைத்து ஒன்பது பேருக்கும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று போட்டுவிடுவாள்.

ஒரே இணைப்பிலிருந்து ஒன்பது பேருக்கும் ஒரே பதில் வருவதை பிப்ரவரி 26, சிவராத்திரி லீவு அன்று கண்டுபிடித்தேன். இது ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ் என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஒரே இணைப்பில் ஐந்துக்கு மேல் பதில் வந்தால் அதைப் போலி என்று குறித்து எச்சரிக்கை அனுப்பாமல் விட்டுவிட வேண்டும் என்று விதி எழுதி அன்றே ஏற்றினேன். ஆறே வரி புரோகிராம். எலைன் மேடத்திடம் சொல்லவில்லை.

அதற்கு மறுநாளிலிருந்து எரிக்கின் பதில் மட்டும் மாறியிருக்கிறது. எரிக் பி.காம். இரண்டாம் வருடம், வயது 20, அந்த ஒன்பது பேரில் ஒருவன். தூக்கம் இல்லை, சாப்பிடவில்லை, வலி மாத்திரை இரண்டு. அதன் பிறகு மூன்று. அதன் பிறகு நாலு. நேற்றுக் காலைப் பதிலில் ஆறு மாத்திரை. கல்லூரி நடந்த பத்து நாளில் பத்து எச்சரிக்கை மேடத்துக்குப் போயிருக்க வேண்டும். ஒன்றும் போகவில்லை, என் விதி பத்தையும் நிறுத்திவிட்டது.

நேற்று மாலை 6.20க்கு எரிக் பங்காரப்பேட்டை பிளாட்பாரத்தில் நினைவில்லாமல் கிடந்தான். இப்போது ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறான், இன்னும் கண் திறக்கவில்லை. அவன் அம்மா மரியா, என் மகன் போன் தினமும் அந்தப் பெண் கையில்தான் இருந்தது, மாத்திரைக் கணக்கையும் அவளே எழுதியிருக்கிறாள் என்று புகார் கொடுத்தார். மாத்திரை கொடுத்தவளுக்குத்தான் கணக்கு தெரியும் என்று போலீசார் லவினாவை இன்று காலை விசாரணைக்குக் கூட்டி வந்தார்கள். மேடத்துக்குத் தெரியட்டும் என்றுதான் போட்டேன் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை, ஏனென்றால் மேடம் போனில் ஒன்றுமே இல்லை. ஒன்பது மணிக்கு மேடம் என்னைப் போனில் கூப்பிட்டு, எச்சரிக்கை ஏன் வரவில்லை என்று கேட்டார். காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

அதன் பிறகு ஒன்பது பேரின் பத்து நாள் பதிலையும், பதிலுக்கு ஒரு வரியாக, மூன்று தாளில் அச்செடுத்துக்கொண்டு பைக்கில் வந்தேன். பெஞ்சில் லவினாவும் அவள் அப்பா ஆர்தரும் உட்கார்ந்திருந்தார்கள். எஸ்.ஐ. கேட்டது ஒரே கேள்வி: கணக்கு அவளுக்கு எப்படித் தெரியும்? தாளில் நேரம் இருக்கிறது. மற்ற எட்டு போனுக்கும் ஆளுக்கு இருபது நொடிக்குள் பதில் போட்டு முடித்திருக்கிறாள். எரிக்கின் போனுக்கு மட்டும் ஒரு நாளும் இரண்டு நிமிடத்துக்குக் குறையவில்லை, நேற்று நாலு நிமிடம் பத்து நொடி. அவனை எழுப்பி, ஒவ்வொன்றாகக் கேட்டு, அவன் சொன்னதைப் போட்டிருக்கிறாள். பொய் எழுத நாலு நிமிடம் தேவையில்லை. அவன் என்ன சொல்வான் என்று எஸ்.ஐ. கேட்டதற்கு லவினா தலை நிமிராமல் சொன்னாள்:

“போடு, எவன் பாக்கறான்னுவான் சார். தெனம் அதான் சொல்வான். நான் போட்டுருவேன்.”

பதில் போட்டதும் திரையில் ‘உதவி வரும்’ என்று வரும். அதை நம்பித்தான் அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அந்த வரியை எழுதியதும் நான்தான்.

எச்சரிக்கை என்றால் என்ன, அதை நிறுத்துவது என்றால் என்ன என்று எஸ்.ஐ.க்கு நான் இரண்டு முறை விளக்கியும் சரியாகப் போய்ச் சேரவில்லை. லவினாவின் அப்பா ஆர்தர், தங்கச் சுரங்கம் மூடும்வரை, ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிக்கிற வேலையில் இருந்தவர். “சார், கீழருந்து பத்து வாட்டி மணி அடிச்சிருக்கா. மேல இருந்தவன் காதுல பஞ்சு வெச்சிருந்தான். அடிச்சவள இன்னாத்துக்கு சார் உக்கார வெச்சிருக்கீங்க?” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்த்தே சொல்லியிருக்கலாம்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து மரியா வந்து, லவினாவுக்கும் தனக்கும் நடுவில் பையை வைத்துப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் சம்மதத்தோடு எரிக்கின் பத்து வரியைப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். ஆறாவது வரியில் நிறுத்தச் சொல்லி, “பத்து நாளா சொல்லிக்கினே இருந்தானா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நடுவில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, லவினா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

எரிக் தவிர மற்றவர்கள் பெயரைத் தாளில் அடித்து மறைத்துவிட்டேன். கோர்ட் உத்தரவு இல்லாமல் தர மாட்டேன். எரிக்கின் வரிகளையும் லவினாவை விடுவிக்கத்தான் கொடுக்கிறேன், எரிக் மேல் கேஸ் போட அல்ல. இதையும் எழுத வேண்டுமா என்று எஸ்.ஐ. கேட்டார். வேண்டும் என்றேன்.

எழுதியதை நானே ஒரு தரம் படித்துப் பார்த்தேன். நடந்ததுக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கீழே உள்ள பட்டியல் வாக்குமூலத்தில் சேராது என்றார்கள், சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

1. அந்த ஆறு வரியை இங்கே வரும் முன்பே எடுத்துவிட்டேன். இனி எந்த விதியும் எலைன் மேடம் கையெழுத்து இல்லாமல் ஏறாது.
2. ஐந்து மார்க்கை எடுக்கச் சொல்லி இன்றைக்கே கல்லூரிக்கு எழுதுவேன். எடுக்காவிட்டால் ஆப்பை நிறுத்துவேன்.
3. யாராவது ஒரு மனுஷன் பார்த்து உறுதி செய்யும்வரை திரையில் ‘உதவி வரும்’ என்று வராது.
4. நாளைக் காலை ரயிலில் அந்தப் பெட்டிக்குப் போய் மற்றவர்களிடம் நடந்ததைச் சொல்வேன். திட்டினால் கேட்டுக்கொள்வேன்.
5. எரிக் கண் திறந்ததும், டாக்டர் விட்டால், பார்க்க வேண்டியவன் நான்தான், பார்க்கவில்லை என்று அவனிடமே சொல்வேன்.

(கையொப்பம்)
சி. ஜெயகரன்