முடி வளர்ந்த மூன்று மாதம்

சாயாவில் இனிப்புக் கூடுதலென்றால் சொல்லுங்கள் ஐயா, வேறு போட்டுத் தருகிறேன். போதகர்மாருக்கு வீடு வீடாய்ச் சாயா குடித்தே சர்க்கரை வந்துவிடுகிறது. மருந்துக்குப் பக்கவிளைவு உண்டு என்கிறார்களே, ஊழியத்துக்கும் உண்டு.

என் மகன் ஜெப்சன் சொல்லித்தான் வந்திருப்பீர்கள். அவன் பெண்டாட்டி ஜெஸ்மியின் போனில் ஏதோ பேச்சு பதிவாகியிருந்ததாம். மஸ்கட்டில் இருந்துகொண்டு அம்மாவைக் கேள்வி கேட்பது லேசு. அவளைப் பார்த்துக்கொண்டது நான். லிம்போமா என்று தெரிந்த அன்றே மருந்துகளின் பேரெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். டாக்சோரூபிசின், சிவப்பு மருந்து. ஏற்றிய அன்று மூத்திரமும் சிவப்பாய்ப் போகும். வின்கிரிஸ்டின், விரல் நுனி மரத்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒருக்கா, மொத்தம் ஆறு. ஆறையும் முடித்தால் குணமாகிற வகைதான் என்றார் டாக்டர்.

மூன்று முடிந்தபோது கழுத்துக் கட்டி கரைந்திருந்தது. கூடவே தலைமுடியும் புருவமும் போயிருந்தன. போன் கையிலிருந்து நழுவினாலும் அவளுக்குத் தெரியாது. "மாமி, நீங்களே எடுத்துப் பேசுங்க" என்று தந்தாள். நான் பிடுங்கவில்லை.

அப்போதுதான் என் மகள் பெர்லினுக்கு மார்த்தாண்டத்துச் சம்பந்தம் ஒத்து வந்தது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருந்தது. அதற்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது வீட்டார் முன் பெஞ்சில் இருக்க வேண்டாமா? சீக்கு வீடு என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். கத்தோலிக்கர் என்றால் மொட்டையை வேளாங்கண்ணி நேர்ச்சை என்று சொல்லித் தப்பலாம். நாம் சி.எஸ்.ஐ. நமக்கு அந்த வசதி இல்லை.

செயற்கை முடி வாங்கி வைத்தும் பார்த்தோம். "எம்மா, மைனியப் பாத்தா கிறிஸ்துமஸ் நாடகத்துல ஏரோது ராஜா மாதிரி இருக்கு" என்றாள் பெர்லின். முதலில் சிரித்தது ஜெஸ்மிதான்.

நாலாவது ஊசிக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் கூப்பிட்டாள். நான் போனைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன்.

"ரத்த ரிப்போர்ட் நல்லா இருக்கும்மா. வெள்ளை அணுவும் சரியா இருக்கு. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

"நாங்க திருவனந்தபுரத்துக்கு மாத்தியாச்சு மக்கா."

"அப்படியா? விடாம ஆறும் போட்டிருங்கம்மா."

நல்ல பிள்ளை. உள்ளே வந்தேன்.

"என்ன சொன்னாவ மாமி?"

"வெள்ளை அணு கொறவாம். இப்ப ஊசி போட்டா ஒடம்பு தாங்காதாம். தேறட்டும், நாங்களே கூப்பிடுவோம்னு சொன்னாவ."

"அப்ப நாளைக்கு வாந்தி இல்லியா?"

"இல்ல மக்கா."

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் ஐயா. அன்று மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் இரண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றாள். நான் அவளைப் பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

"கூப்பிட்டாவளா மாமி?" என்று அவ்வப்போது கேட்பாள். "இன்னும் இல்ல" என்பேன். ஜெப்சனுக்கும் அதே பதில். தினமும் தேங்காய்ப்பால் காய்ச்சி எடுத்த எண்ணெய் தேய்த்துவிட்டேன். முதலில் பூனைமுடி போல வந்தது, பிறகு கறுத்தது.

பத்தாவது வாரம் எண்ணெய் தேய்க்கும்போது கழுத்தோரம் கட்டி தட்டுப்பட்டது. அவளுடைய மரத்த விரலுக்குத் தெரியவில்லை. என் விரலுக்குத் தெரிந்தது. தையல்காரியிடம் கழுத்து ஏறின பிளவுசு தைக்கச் சொன்னேன்.

மூன்று ஓலையும் நீங்கள்தான் வாசித்தீர்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று தடவையும் கேட்டீர்கள். ஜெஸ்மி என் தோளை ஒட்டி இருந்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"மருமவளுக்கு என்ன, பாய் கட்டா?" என்றாள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அம்மா ஷீலா.

"மவனுக்கு அதுதான் பிடிக்கும்" என்றேன்.

கல்யாணம் முடிந்த திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு நாள் தாமதிக்கவில்லை. டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார். "திருவனந்தபுரத்துல எத்தனை ஊசி போட்டாங்க?" என்று கேட்டார்.

"திருவனந்தபுரமா?" என்றாள் ஜெஸ்மி. பிறகு என்னைப் பார்த்தாள்.

அதற்குப்பின் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை, தண்ணீர்கூட. சத்தம் போடாத மருமகள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? வேறு மருந்து ஏற்றினார்கள். முடியைக் கொட்டவைக்க அந்த மருந்துக்கு நேரம் கிடைக்கவில்லை. பெட்டியில் வைத்தபோது நான்தான் வகிடெடுத்துச் சீவினேன். எவ்வளவு அழகு என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஊசியை நிறுத்தியது நான்தான் ஐயா. எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கிறவள் இல்லை. ஆனால் அடக்கத்தன்று ஷீலா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைக் கேளுங்கள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மைனி. எனக்கும் இதே சீக்குதான், இதே சிவப்பு மருந்துதான். ஆறும் போட்டு ஏழு வருசமாச்சு." தன் கொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "இது பொறவு மொளச்சதாக்கும்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இவ்வளவு பெரிய சீக்கை மறைத்துவைத்துவிட்டு, ஒருத்தி நம் வீட்டில் வந்து பெண் எடுக்கலாமா?